மாமனார் முறுக்கிய கம்பி

எங்கள் பராமரிப்புக் கூடத்தில், அதாவது ஹேங்கரில், விமானத்தைத் தொடும் எவரும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒருநாள் வகுப்பில் உட்கார வேண்டும். தொடாதவர்களும் உட்கார வேண்டும். நான் இரண்டாவது ரகம். செனாய் விமான நிலையத்தை ஒட்டிய அந்தக் கூடத்தில் வேலை அட்டைகளைச் சரிபார்க்கிறேன். எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்று மெக்கானிக்குகளுக்குச் சொல்லும் தாள்கள் அவை. அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்தினேன்.

வகுப்புக்கு 'ஹியூமன் ஃபேக்டர்ஸ்' என்று பெயர். மனிதர்கள் ஏன் தவறு செய்கிறார்கள் என்பதுதான் பாடம். தூக்கமின்மை, அவசரம், பாதியில் வரும் தொலைபேசி, மூத்தவரிடம் வாய் திறக்கக் கூச்சம். எந்திரத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள்.

சென்ற ஆண்டு வகுப்பில் பதினான்கு பேர் இருந்தோம். அதில் இருவர் உலு திராம் என்ற ஊரிலிருந்து ஒரே காரில் வந்தவர்கள்: மாமனாரும் மருமகளும். அவர் கூடத்திலேயே மூத்த மெக்கானிக். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு மருமகள் ஆனாள். "வேலையப் பாத்துப் பொண்ணு கேட்டேன்" என்று அவரே எல்லோரிடமும் சொல்வார்.

அவள் பரிசோதகர் முத்திரைக்கு விண்ணப்பித்திருந்தாள். முக்கியமான வேலைகளை ஒருவர் முடித்ததும், அந்த வேலையில் கைவைக்காத இன்னொருவர் தனியாகப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். அது விழாமல் விமானம் கூடத்தைவிட்டு நகராது. தேர்வுகளை அவள் முடித்துவிட்டாள். மிச்சம் இந்த வகுப்பில் கிடைக்க வேண்டிய பரிந்துரை மட்டும்தான். போன முறை, 'கண் நன்றாக இருக்கிறது, வாய் திறப்பதில்லை' என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். இந்த முறையும் திருப்பினால் இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

பயிற்றுநர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி, முன்பு விமானப் பொறியாளர். பாடம் ஆங்கிலத்தில், அதட்டல் தமிழில். மதிய உணவுக்குப் பிறகு எல்லோருக்கும் தூக்கம் வரும் நேரமாகப் பார்த்துச் செய்முறைப் பயிற்சியை வைத்தார். ஒருவர் வேலை செய்ய வேண்டும், மற்றவர் பரிசோதிக்க வேண்டும். ஜோடிகளைப் பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டு எடுத்தார். மாமனார் பெயரும் மருமகள் பெயரும் சேர்ந்து வந்ததும் வகுப்பு மேசையைத் தட்டியது.

அவள் எழுந்தாள். "மேடம், வேற ஆளோட மாத்திக்கலாமா?"

"ஹேங்கர்ல மாத்திக் குடுப்பாங்களாமா?"

உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்குக் கிடைத்த வேலை நான்கு போல்ட்டுகளுக்குக் கம்பி கட்டுவது. போல்ட்டின் தலையில் துளை இருக்கும். இரண்டிரண்டாகக் கம்பி கோத்து முறுக்க வேண்டும். ஒரு போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுகும் பக்கமாக இழுத்துப் பிடிக்கும். தளரும் பக்கமாகக் கட்டினால் கம்பி இருந்தும் பயனில்லை. போல்ட்டுகள் மேசைமேல் நிமிர்த்தி நிறுத்திய ஓர் அலுமினியப் பலகையில் பொருத்தப்பட்டிருந்தன. நேரம் குறிக்கும் வேலை எனக்கு.

முதல் ஜோடியை இரண்டு நிமிடத்தில் முடித்தார். முறுக்கு அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. பின்வரிசை மலாய் நண்பர் ஒருவர், "அலாமாக்! முதுகு மட்டும்தான் தெரியுது" என்று மலாயில் அங்கலாய்த்துக் குரல் கொடுத்தார். மாமனாருக்குக் குஷி. பலகையை எங்கள் பக்கம் திருப்பிவைத்து, தான் அதன் பின்னால் போய் நின்று, மேலிருந்து கைகளைத் தொங்கவிட்டு இரண்டாவது ஜோடியைக் கட்டினார். கைதட்டல் வாங்கிக்கொண்டு பிளையரைக் கீழே வைத்தார்.

அவள் வந்து குனிந்தாள். முதல் ஜோடியில் விரலை ஓட்டினாள். இரண்டாவதில் விரல் நின்றது. மறுபடி தொடக்கத்துக்குப் போய், மறுபடி அதே இடத்தில் நின்றது. பயிற்றுநரைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார்.

"மாமா, நீங்களே இன்னொரு தடவ பாத்துருங்களேன்."

"நான் பாத்தாச்சும்மா. நீ சைன் போடு."

அவள் பேனாவை எடுத்தாள்.

எனக்கு அந்த நிலை தெரியும். நாளிதழில் ஆசிரியர் எழுதும் தலையங்கத்தை மட்டும் நாங்கள் இரண்டாவது முறை படிக்க மாட்டோம். அவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பது மரியாதை. அந்த மரியாதையால் ஒருநாள் ஒரே பத்தி இரண்டு முறை அச்சாகி ஊருக்கெல்லாம் போனது.

பயிற்றுநர் மெதுவாகச் சொன்னார்: "அவரு பாக்குறது செக் இல்ல. நீ பாக்குறதுதான் செக். என்ன பாத்த?"

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். மாமனாரைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் பேசினாள்.

"ரெண்டாவது ஜோடி தப்பு. கம்பி போல்ட்டத் தளத்துற பக்கம் இழுக்குது. நான் சைன் போட மாட்டேன்."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். மாமனார் பலகையைச் சுற்றி முன்பக்கம் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஆள்காட்டி விரலைக் காற்றில் வலப்பக்கம் சுழற்றினார், பிறகு இடப்பக்கம். பின்னால் நின்று கட்டியதில் அவர் கைக்கு வலமும் இடமும் மாறியிருந்தன. எத்தனையோ ஆண்டுப் பழக்கம் எல்லாம் முன்பக்கமிருந்து பழகியது.

"ஆமா" என்றார். "தலகீழாத்தான் கட்டிருக்கேன்." வெட்டுக்குறடை எடுத்துத் தன் கம்பியைத் தானே நறுக்கினார். காது சிவந்திருந்தது. ஆனால் சிரித்தார். "உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லிராத. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

"தப்ப மறைக்காம ரிப்போர்ட் பண்ணணும்னு மேடம் காலையிலதான் சொன்னாங்க மாமா."

வகுப்பு வெடித்தது. எதற்குச் சிரித்தோம் என்று கேட்டு மலாய் நண்பரும் சீன நண்பரும் எங்களைப் பிடித்து உலுக்கினார்கள். மொழிபெயர்த்துச் சொன்னதும் இரண்டாவது சுற்றுச் சிரிப்பு.

இந்த முறை அவர் முன்பக்கம் நின்று கட்டினார். யாரும் குரல் கொடுக்கவில்லை. முடித்ததும் அவள் முதல் ஜோடியிலிருந்து ஆரம்பித்தாள்.

"அதான் மொதல்லயே பாத்தியேம்மா?"

"அதுக்கப்புறம் பலகையத் திருப்புனீங்கல்ல மாமா. மறுபடியும் பாக்கணும்."

அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் இன்னும் மூன்றாவது போல்ட்டில் இருக்கும்போதே பயிற்றுநர் பேனாவைத் திறந்து பரிந்துரைத் தாளில் எழுதத் தொடங்கினார். அவள் அதைக் கவனிக்கவில்லை. தலையைத் தூக்காமலே, "மாமா, வெளிச்சம்" என்றாள். அவர் ஓரடி ஒதுங்கி நின்றார்.