உப்புக் குவியலின் உயரம்

சென்ற வாரம் ஆலங்குடாவில் ஒரு விடுதிக்குக் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய விடுதி. பற்றுச்சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சிறு மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. கூரையில் வேய்ந்த தென்னங்கிடுகிலிருந்து ஈர மணம் கிளம்பியது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. நான் மறுபடி இருபது வயதுக்காரி.

நனைந்த கிடுகோடு உப்புக் காற்றும் சேர்ந்தால், அது எனக்குப் புத்தளத்து உப்பளத்தின் மணம். அப்போது கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பயிற்சி. குறிப்பேட்டில் மேற்பார்வையாளரின் கையெழுத்து விழாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சண்டையில் யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. ஆனாலும் மகள் வேலைக்குப் போகிறாள் என்று அம்மா எனக்குக் கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கித் தந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் தெருவில் திரியும் கழுதைகள்கூட மரியாதையாக ஒதுங்குவதாக எனக்குத் தோன்றும்.

என் மேற்பார்வையாளர் ரிஸானா ராத்தா. அக்காவை அங்கே ராத்தா என்பார்கள். என்னைவிட நான்கு வயதுதான் மூப்பு. கூட்டல் பிழைத்தால் திட்டமாட்டார், தாளை அப்படியே என் பக்கம் தள்ளிவிடுவார். அது திட்டுவதைவிட மோசம்.

உப்பளத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறதென்று இருப்பு எடுக்க ஒரு நாள் இருவரும் போனோம். அந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது? பாத்திகளில் வானம் கிடந்தது. கிடுகு வேய்ந்த உப்புக் குவியல்கள் ஆளில்லாத வீடுகள்போல் வரிசையாக நின்றன. காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. நான் எதற்கு வந்தேன் என்பதையே மறந்துவிட்டேன்.

உப்பை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. நீள அகலத்தை நாடாவால் அளப்பார்கள். உயரத்துக்குக் கோடு போட்ட நீட்டுக் கம்பு. ஒருவர் அதைக் குவியலின் முகப்பில் நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர் தூரத்தில் நின்று முகட்டோடு சேரும் கோட்டைப் படிப்பார். கம்பு பிடிப்பது என் வேலை. மழைத் தண்ணீர் ஏறாதிருக்கக் குவியலைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு மண்மூடை அடுக்கியிருந்தது. மூடைக்கும் குவியலுக்கும் நடுவே கணுக்காலளவு சேறு. நான் சப்பாத்தைப் பார்த்தேன். சேற்றைப் பார்த்தேன். மூடையின் மேலேயே நின்று, கம்பையும் மூடையின் மேலேயே ஊன்றினேன். எல்லாக் குவியலுக்கும் அப்படியேதான்.

காவல்காரர் சமது காக்கா தன் கொட்டிலில் எங்களுக்காக இஞ்சி தட்டிப்போட்டுப் பால் விடாத பிளேன்டி ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். அவரும் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர், புத்தளத்துக்குப் பக்கத்தில் கரைத்தீவில் குடியிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ராத்தா என் காலைப் பார்த்தார். அவருடைய செருப்பில் சேறு காய்ந்திருந்தது.

"கம்பத் தரையிலதானே ஊண்டினீங்க?"

"ஓம் ராத்தா."

ஒன்றரை அடி உயரம் குறைவதால் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். நீள அகலத்தால் பெருக்கினால் என்ன வரும் என்று மறுநாள் தெரிந்தது. கணக்குப் புத்தகத்தில் இருந்த உப்பில் பல லொறி குறைந்தது. ராத்தா இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு உப்பள முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்தால் கையெழுத்துப் போய்விடும் என்ற பயம். அன்று பின்னேரமே சமது காக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் முதலாளி அவரை அலுவலகத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தார். "களவா எத்தின லொறிக்கு ஏத்தினீங்க எண்டு இவங்களுக்கு முன்னால சொல்லுங்க" என்றார். சமது காக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிழை என்னில. நான் சேத்தில இறங்கேல்ல" என்றேன்.

ராத்தா என்னைப் பார்க்கவே இல்லை. நாடாவை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அன்று எல்லாரும் போய்த் திரும்ப அளந்தோம். நான் வெறுங்காலோடு சேற்றில் நின்றேன். உப்பு சரியாக இருந்தது.

"சரி, நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றார் முதலாளி.

சமது காக்கா இடுப்பிலிருந்து கொட்டில் பூட்டின் திறப்பை எடுத்து நீட்டினார். "ராவு முழுக்க என்ட புள்ளையள் என்ட முகத்தப் பாக்கல்ல முதலாளி. எனக்கு இனி இது வேணாம்."

என்னைக் கடந்து நடந்து போனார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பயிற்சி முடிந்த நாளில் ராத்தா கையெழுத்துப் போட்டுக் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். இப்போது அவர் கட்டார் நாட்டில். உப்பளத்தின் அந்தப் பகுதியை மண் போட்டு நிரப்பி லொறி நிறுத்துகிறார்கள்.

ஆலங்குடாவிலிருந்து திரும்பும் வழியில், ஏனோ மனம் கேளாமல், கரைத்தீவுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். சமது காக்காவின் வீடு எது என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். சண்டை முடிந்த கையோடு குடும்பமாக வடக்குக்குத் திரும்பிவிட்டார்களாம், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த உப்புக் களவெடுத்த மனிசனத்தானே கேக்கிறீங்க?" என்றார்.

இல்லை, உப்பு சரியாகத்தான் இருந்தது, பிழையாக அளந்தது நான்தான் என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். நம்பவில்லை. திரும்ப அளந்து காட்ட அந்தக் குவியலும் இல்லை.