தம்பி விட்ட தண்ணீர்

ஊரில் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர். அடுத்தவன் வீட்டு வாசல் தன் வாசலைவிட எத்தனை சாண் அகலம் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. ஊராரை அளப்பது பொழுதுபோக்கு. கூடப் பிறந்த தம்பியை அளப்பதுதான் முழுநேர வேலை. தம்பி சைக்கிள் வாங்கினால் இவருக்குக் கால் வலிக்கும். தம்பியின் பசு கன்று போட்டால் இவர் தன் பசுவைத் திட்டுவார்.

போதாக்குறைக்கு அரசாங்க மானியம் வேறு வந்து சேர்ந்தது. விவசாய அலுவலக ஆள் வீடு வீடாகப் பெயர் பதிய வந்தபோது, "இன்னைக்கு நிலக்கணக்கு கேப்பான், நாளைக்கு வரி கேப்பான்" என்று இவர் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி பதிந்தான். போகத்துக்குப் போகம் அவன் கணக்கில் பணம் விழுந்தது. இவர் அலுவலகத்துக்கு ஓடியபோது பதிவை முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தம்பியின் போன் மணி அடித்தாலே, பணம் விழுந்த சேதியோ என்று இவருக்கு வயிறு பற்றி எரியும்.

இரண்டு வயலுக்கும் பொதுவாக ஒரே கிணறு. ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட, கொஞ்ச நேரம் ஓடினாலே மோட்டார் காற்றை இழுத்தது. ஆனாலும் தம்பி தன் முறைக்கு வரவே இல்லை. இவர் விடுவாரா? அந்தத் தண்ணீரையும் தன் மக்காச்சோளத்துக்கே பாய்ச்சினார். இவருடையது ஆள் உயரத்துக்கு நின்றது. தம்பியுடையது முழங்கால் உயரத்திலேயே கருகியது.

"சும்மா கெடந்தாலே பணம் வருது. தொரை எதுக்கு வயல்ல எறங்கணும்?" என்று மனைவியிடம் பொரிந்தார்.

"நம்ம வயல் பச்சையா இருக்குல்ல, அதப் பாத்து சந்தோஷப்படுங்களேன்" என்றாள் அவள்.

அது மட்டும் அவருக்கு வராது. அலுவலகத்தில் போய், தம்பி பயிரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மானியம் வாங்குவதாகச் சொன்னார். தன் பெயர் வெளியே வரக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். அதிகாரி வந்து பார்த்து மானியத்தை நிறுத்தினார். அன்று அளவுகோல் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் தம்பி கிணற்றடிக்கு வந்தான்.

"ஒரே கெணறு, பக்கத்து வயல் பச்சையா இருக்கு, உன்னோடது மட்டும் எப்படிக் காயும்னு அதிகாரி கேக்கறாருண்ணே. நான் என்னன்னு சொல்ல?"

"ஏன், நீ எதுக்கு உன் முறைக்கு வரல?"

"ரெண்டு வயலுக்கும் தண்ணி பத்தாதுன்னு முன்னாடியே தெரியும். எனக்காவது மானியம் வருது, உனக்கு அதுவும் இல்ல. உன் சோளமாவது தேறட்டும்னுதான் என் முறைய விட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ வாங்கிக்குவியா?" என்று தம்பி சிரித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "இப்ப அந்தப் பணமும் போச்சு. இனிமே என் முறைத் தண்ணி எனக்கு வேணும்ண்ணே. மாட்டுக்குத் தீவனமாவது போட்டுக்கறேன்."

இவருடைய சோளத்தில் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. பாதித் தண்ணீர் குறைந்தால் கதிர் பதராகிவிடும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"எடுத்துக்கோ" என்றார்.

தம்பி மோட்டாரைப் போட்டான். வாய்க்காலை வெட்டித் தன் பக்கம் திருப்பிவிட்டு நிமிர்ந்தான்.

"எவன்ண்ணே போய்ச் சொல்லியிருப்பான்? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியலடா" என்றார் அளவுகோல்.