தொண்ணூற்றைந்து கேட்கும் கார்

காலை எட்டேகாலுக்கு அந்தச் சத்தம் ஆரம்பித்தது. வத்தேகமப் பக்கத்துக் கோயிலுக்கு ஏறும் மலைப்பாதையில், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல முதலாளியின் கார் கடகடத்தது. பின்னிருக்கையில் மணக்கோலத்தில் என் மகள். ஒன்பதுக்கு முகூர்த்தம்.

அக்குறணையில் முதலாளியின் இரும்புக்கடையில் நான் கணக்கு எழுதிய காலம் அது. மகளுக்குக் கல்யாணம் என்றதும், கேட்காமலே சாவியைத் தூக்கிக் கொடுத்தவர் அவர். டர்போ பூட்டிய, வேகத்துக்கென்றே செய்த கார். கடையில் யாரும் அதன்மேல் சாய்ந்துகூட நிற்க மாட்டோம்.

இரவல் வண்டியை வெறும் டேங்கோடு திருப்பிக் கொடுப்பது எங்களுக்கு மரியாதையில்லை. ஓட்டி வந்த என் மைத்துனர், மஹய்யாவையில் புறப்பட்டதுமே தன் வேனுக்கு அடிக்கும், விலை குறைந்த தொண்ணூற்றிரண்டு ஒக்டேன் பெட்ரோலை நிரப்பிவிட்டார். சத்தம் கேட்டதும் நிறுத்தச் சொல்லி, பெட்ரோல் மூடியைத் திறந்தேன். உள்ளே தொண்ணூற்றைந்து என்று ஒட்டியிருந்தது.

"ஓடுற வண்டிய நிறுத்திட்டீங்களே, மச்சான்!"

"இஞ்சின் போனா வீட்ட வித்தாலும் பத்தாது."

"அப்பா, காரு போனா பாத்துக்கலாம். முகூர்த்தம் போயிரும்பா," என்றாள் மகள்.

"பொண்ணு நடந்து வந்தா, மாப்பிள்ள வீட்டுல ரொம்ப சிக்கனமான குடும்பம்னு மெச்சுவாங்க," என்றாள் அவளருகே உட்கார்ந்திருந்த என் அக்கா.

முதலாளிக்குப் போன் செய்தேன். அவரும் கல்யாணத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

இன்று யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன்: ஒரு டேங்க் ஒக்டேன் குறைந்த பெட்ரோலால் இஞ்சின் செத்துவிடாது. அழுத்தமும் சூடும் கூடும்போது அந்தப் பெட்ரோல் முறை தவறி வெடிக்கிறது, சத்தம் அதுதான். இக்காலக் கார்கள் அதை உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும். இழுவை குறையும், அவ்வளவே. சத்தம் போடப் போட விடாமல் மிதித்து ஏற்றினால்தான் பிஸ்டன் போகும். அன்று இதெல்லாம் தெரியாமல் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன்.

முதலாளியின் வேன் வந்தது. இறங்கியவர் இஞ்சினைப் பார்க்கவில்லை; பின்கதவைத் திறந்து பார்த்தார். மகளோடு நெருக்கியடித்து மூன்று அத்தைமார், மடி நிறையச் சீர்த்தட்டுகள்.

"இவ்ளோ பாரத்தோட மிதிச்சா அது கத்தாம என்ன செய்யும்? அத்தமாரும் தட்டும் என்ட வேன்ல ஏறட்டும். புள்ளயோட நீங்க மெல்லமா ஏத்துங்க."

பிறகு என் காதருகே குனிந்தார்.

"நானும் தொண்ணூத்திரண்டுதான் அடிக்கிற, தம்பி. நான் போற ஸ்பீடுக்கு அது காணும். இத ஆசப்பட்டு வாங்கின என்ட மகனுக்கு மட்டும் சொல்லிராதீங்க."