கட்டை என்று சொல்லக் கூடாத லொறி

எனக்கு எழுபத்தொன்பது வயது. பேய், பிசாசு, முனி எதையும் நான் நம்பியவன் இல்லை. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் பத்து அறைகள், அதில் ஏழு அறைக்காரர்கள் எதையாவது பார்த்தவர்கள். நாங்கள் மிச்ச மூன்றில் சேர்த்தி. இரவில் கதவுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள்தான் நான், ஆனால் அது கள்ளனுக்குப் பயந்து. இது நடந்தது பகல் இரண்டரை மணிக்கு, நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு. நெஞ்சு நோய் என்று அப்பாவின் பெயரைத் தோட்டத்து வேலைப் பதிவில் வெட்டிவிட்டார்கள். வீட்டில் ஆறு பேர், அம்மாவின் கொழுந்துக் கூடை ஒன்று. தெல்தெனியவில் மரம் அறுத்து விற்கிற ஒரு மரக்காலை முதலாளி, சித்திரைக்குள் பெரிய லைசென்ஸோடு வந்தால் லொறி தருகிறேன், வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் கடுகண்ணாவைக்கு, காதர் மாஸ்டரிடம் போனேன். லொறி பழக்குவதில் அவரைப் போல் ஆள் இல்லை என்றார்கள். அடிப்பதிலும் அவரைப் போல் ஆள் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

நாற்பத்தொரு நாளில் அறுபத்தெட்டு அடி. எல்லாம் இடது கையில், ஸ்பேனரால். கியர் கர்ரென்று கத்தினால் ஒன்று, அதற்கு நான் முகத்தைச் சுளித்தால் இன்னொன்று. நான் வளைவுகளை எண்ணுகிறேன் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர்.

“எண்ணத் தெரியுது, ஓட்டத் தெரியல்ல. போடா, போய்த் தோட்டத்துல பேர் போடு. இந்த லொறிய உட்டுரு, அது வாயில்லாத சீவன்.”

அவர் கேட்காமல் நான் வாய் திறக்கக் கூடாது என்பது ஒரு சட்டம். இன்னொரு சட்டம் விசித்திரமானது. மேட்டில் லொறியை நிறுத்தினால் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மரத்துண்டு வைப்பார்கள் இல்லையா, லொறிக்காரர்கள் எல்லோரும் அதைக் கட்டை என்பார்கள். ஓட்டுகிறவன் ‘கட்டை!’ என்று கத்துவான், கிளீனர் குதித்து வைப்பான். எங்கள் நாட்டில் மைல்கல்லுக்கும் கட்டை என்றுதான் பெயர், அது வேறு. முதல் நாள் நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் கன்னத்தில் விழுந்தது. (அது அறுபத்தெட்டில் சேராது.)

“கட்டைண்டு செல்லப்படாது. ஆப்புண்டு செல்லு,” என்றார். ‘சொல்லு’ என்பதை அவர் அப்படித்தான் உச்சரிப்பார்.

அவர் லொறியில் கிளீனரும் இல்லை. ஐம்பது தாண்டிய மனிதர், முழங்கால் வலியோடு தானே இறங்கி, தானே ஆப்பு வைத்துவிட்டு ஏறுவார். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டாம் நாள். பரீட்சைக்கு இன்னும் இரண்டே நாள். மழை தூறிக்கொண்டிருந்தது, கடுகண்ணாவை ஏற்றத்தில் பனிமூட்டம். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கியருக்கு இறக்கப் போய்த் தவறவிட்டேன், எஞ்சின் நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரை வரைக்கும் போனது, ஒன்றும் பிடிக்கவில்லை. லொறி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் வளைவு, வளைவுக்கு அப்பால் பள்ளம். மாஸ்டர் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி சத்தமாகக் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். ஆப்பு அவருடைய காலடியில் கிடக்கிறது, இறங்கி வைக்க யாரும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் நான் கத்தினேன்.

“கட்டை!”

லொறி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் இறங்கிப் பின்னால் போனோம். என் பக்கத்துப் பின்சக்கரத்தின் அடியில் ஒரு கட்டை, பலா மரம், சரியாக எப்படி வைக்க வேண்டுமோ அப்படி வைக்கப்பட்டிருந்தது. நான் ஓடிப்போய் மாஸ்டருடைய இருக்கையின் கீழே பார்த்தேன். எங்கள் கட்டை அங்கேயே கிடந்தது. லொறிக்கு ஒரு கட்டைதான். நான் திரும்பவும் எண்ணினேன், இரண்டு. தெருவில் யாரோ விட்டுப்போன கட்டையில் சக்கரம் ஏறியிருக்கும் என்பீர்கள். நானும் பல வருஷம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன்.

மாஸ்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஈரத் தெருவிலேயே உட்கார்ந்தார். அழுகிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை, அவர் அழுவார் என்று யார் நினைப்பது?

“இது நானாடது,” என்றார். நானா என்றால் அவர்களுக்கு அண்ணன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கிளீனராக வந்துகொண்டிருந்தவர் சொந்த அண்ணன்தானாம். “இதே எடம். லொறி நழுவுது, நான் கட்டைண்டு கத்தினன். இத வைக்கத்தான் சென்னன். அவரு, பின்னுக்கு ஈக்கிற மைல் கட்டையில முட்டப் போகுதுண்டு நெனச்சி, அதப் பாக்க லொறிக்குப் பின்னால போயிட்டாரு.”

சாய்ந்து நின்ற மைல்கல்லைக் காட்டினார். பிறகு சொன்னார்:

“அன்டைக்கு லொறிக்கடியில இருந்து மையித்த எடுத்தம், கட்டைய மட்டும் தேடியும் கெடைக்கல்ல. நான் அந்தச் சொல்ல ஒருத்தனையும் செல்ல உடல்ல. அவரு எந்தக் கட்டைண்டு பொறகு விளங்கிக்கிட்டு, நான் திரும்பக் கூப்பிடுவன்டு, இவ்வளவு காலமும் கையில வச்சிக்கிட்டு நிண்டீக்கிறாரு.”

என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் கணக்கப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

“மகன், ஏதாச்சும் சென்னாரா? ஒனக்கு என்னமும் கேட்டிச்சா?”

“இல்லீங்க மாஸ்டர்,” என்றேன்.

லைசென்ஸ் கிடைத்தது. சித்திரைக்கு ஆறு நாள் இருக்கும்போது தெல்தெனிய லொறியில் ஏறினேன், முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன், தங்கைகள் இரண்டு பேரைக் கரையேற்றினேன். காதர் மாஸ்டர் அதன் பிறகு யாருக்கும் பழக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து, தொப்பியோடு அந்த ஏற்றத்துக்கு நடந்து போவார். மரம் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது பார்த்திருக்கிறேன். மைல்கல்லுக்குப் பக்கத்தில் நின்று, ஒரே ஒரு தடவை “கட்டை!” என்று கத்துவார். பிறகு தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டு நிற்பார். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். மொத்தம் பதினேழு வெள்ளிக்கிழமை பார்த்தேன். பிறகு அவர் மவுத்தாகிவிட்டார், அடக்கமும் முடிந்தது என்று ஒரு தேத்தண்ணீர்க் கடையில் சொன்னார்கள்.

இனி, நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அவர் கேட்டதற்கு நான் இல்லை என்றது பொய். லொறி உலுக்கி நின்றதும், அவர் கலிமா சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம், என் பக்கத்து ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், ஓடிவந்தவனுக்கு இளைக்குமே அப்படி இளைத்துக்கொண்டு கேட்டது: “தம்பி, போதுமா?”

இருபத்திரண்டு வயதுக்காரனை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவில் போகிற யாரோ என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, பனியில் ஆள் தெரியாவிட்டாலும் தலையை வெளியே நீட்டி, “போதும், போதும்!” என்றேன். அதை மாஸ்டரிடம் சொல்ல வாயெடுத்தபோது, அவர் கேட்காமல் வாய் திறந்து யாருக்கோ பதில் சொன்னதற்கு அடி விழும் என்ற பயம்தான் முதலில் வந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றே இல்லை என்றேன். தம்பி என்று கூப்பிட்டது யாரை என்பது அன்றிரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். பரீட்சை முடியட்டும் என்று விட்டேன். பிறகு எப்படிச் சொல்வது?

பதினேழு தடவையும் கியரை இறக்கி, மெதுவாக அவரைக் கடந்து போனேன். அவர் காது கொடுத்துக்கொண்டு நின்றார். கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பது அந்தத் தெருவில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.