இந்த ஊர் என்பதற்கு என்ன அத்தாட்சி?

எதிரே வந்து நிற்பவரிடம் "நீங்கள் இந்த ஊரா?" என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ரங்கூனில் தாமுவே பகுதியில் ஒரு தனியார் கல்லூரி. சேர்க்கைப் பிரிவில் இரண்டாவது ஜன்னல் என்னுடையது. ரங்கூனில் சில வருஷமாவது குடியிருக்கிற பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு, வெளியூர் என்றால் முழுசு. அதற்கு வீட்டுப் பட்டியல் வேண்டும். ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் எழுதித் தருகிற தாள்தான் அது. கூடவே வட்டார அலுவலகக் கடிதமும் வேண்டும். நீங்களும் இப்படி ஏதோ ஒரு ஜன்னலுக்கு வெளியே ஜெராக்ஸ் கட்டோடு கால் கடுக்க நின்றிருப்பீர்கள். கரண்ட் போனால் உள்ளே இருக்கிறவளுக்கும் வியர்க்கும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படகு வீடு

கோ மின் போட்டாதாங் துறையில் சரக்குப் படகு ஒன்றுக்குக் காவல்காரர். பெண்டாட்டி, மகளோடு குடித்தனமும் அந்தப் படகிலேதான். வீட்டுப் பட்டியலோ டெல்டா பக்கம் அவருடைய சொந்தக் கிராமத்தில் இருந்தது. வட்டார அலுவலகத்தில் கடிதம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். படகுக்கு நம்பர் கிடையாது, கயிற்றை அவிழ்த்தால் வேறு வட்டாரம் என்பது அவர்கள் வாதம். முழுக் கட்டணம் என்றால் மகளைத் தையல் ஆலைக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று மெதுவாகச் சொன்னார். மகள் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் மேலதிகாரி டோ நீலா யோசித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் பட்டியல் உள்ள யாராவது சாட்சி சொன்னால் ஏற்கலாம் என்றார். மறுநாள் கோ மின் கூட்டி வந்தது துறையில் டீக்கடை வைத்திருக்கிற செல்லம்மாவை. அந்தக் குடும்பம் படகில்தான் குடியிருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டுத்தான் டோ நீலா கையெழுத்துப் போட்டார்: "விடியக்காலையில படகுலேர்ந்து புள்ள படிக்கிற சத்தம் கேட்டாத்தான் நான் அடுப்பே பத்தவைப்பேன். ஒரு நாள் சத்தம் வரலேன்னா, காய்ச்சலா என்னான்னு போய்ப் பாத்துட்டு வருவேன்."

பக்கத்து ஜன்னல்

முதல் ஜன்னலில் இருக்கும் மா சாண்டா என்னைவிடக் கறார். ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். சொந்த ஊரான பத்தெய்னிலிருந்து அவள் தங்கை இங்கே வந்து, அக்கா வீட்டில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்து, எங்கள் கல்லூரிக்கே விண்ணப்பித்தாள். அப்போதுதான் தெரிந்தது: அக்காவின் பெயரே இன்னும் பத்தெய்ன் பட்டியலில்தான் இருக்கிறது. ரங்கூனில் குடியேறி இத்தனை வருஷத்தில் பெயரை மாற்ற அவளுக்கு நேரமில்லை.

தன் இடத்தை விட்டு எழுந்து, வரிசையில் நின்று, முறைப்படி என் ஜன்னலுக்கு வந்தாள். நம்பர் உள்ள வீட்டுக்குச் சாட்சி போதாது, பட்டியல்தான் வேண்டும், அதனால் முதல் வருஷத்துக்கு முழுக் கட்டணம்தான், வேறு வழியில்லை என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். தாளை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னாள்: "இத்தனை பேரை விரட்டினேனே, ஒருத்தராவது திருப்பி என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

பெயர் நீக்கம்

ராணி மண்டலேயிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தார். அவரும் கணவரும் பிரிந்து வெகுநாளாகிவிட்டது. மகள் மேல்நிலைப் பள்ளிக்காக அப்பாவிடம் தாமுவேக்கு வந்தவள், இங்கேயே தங்கிவிட்டாள். ஆனால் பெயர் அம்மாவின் பட்டியலில் இருந்தது. அதை அங்கே நீக்கினால்தான் அப்பாவின் பட்டியலில் சேர்க்க முடியும். நீக்கச் சொல்லி போனில் கேட்டபோதெல்லாம் ராணி பார்க்கலாம், பார்க்கலாம் என்றே தள்ளிப்போட்டு வந்திருக்கிறார். கடைசி நாள் நெருங்கியதும் நீக்கிவிட்டு, தாளைத் தபாலில் அனுப்ப மனசில்லாமல் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

அப்பா பெஞ்சின் ஒரு கோடியில், அம்மா மறு கோடியில். மகள் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். ராணி எழுந்து வந்து தாளை நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை. கட்டணத்துக்காகத்தானே அம்மா என்று ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார். பிறகு ஜன்னலோடு குனிந்து, அந்தக் கோடியில் இருந்தவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "பேரைத்தான் எடுத்திருக்கேன். அவ தட்டும் தலகாணியும் வச்ச எடத்துலயே இருக்குன்னு அவகிட்ட சொல்லணும், எனக்கு வாய் வரல. நீங்க சொல்றீங்களா?"

மீட்டர்

சவரிமுத்து அண்ணன் பிறந்ததிலிருந்து தாமுவேதான். மகனுடைய தாள்களெல்லாம் சரியாக இருந்தன, வீட்டு முகவரிக்காகக் கொண்டுவந்த கரண்ட் பில்லைத் தவிர. அது அவர் மனைவி மேரியின் பெயரில் இருந்தது. மேரி காலமானவர். இறந்தவர் பெயரில் உள்ள பில் செல்லாது, மின்சார அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தால் பெயரை மாற்றித் தருவார்கள் என்று விளக்கினேன். அது முடியாது தங்கச்சி என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுபடி வந்தார், அதே பில்லோடு.

கடைசியில் மாதா கோவிலில் தந்த கல்யாணச் சான்றை இணைத்து, கணவர் இவர்தான், வீடும் இதுதான் என்று டோ நீலா குறிப்பு எழுதி ஏற்றுக்கொண்டார். குறைந்த கட்டணத்துக்கான சீட்டை அவர் கையில் கொடுத்தபோது, ஒரு மனு எழுதுவதில் என்ன கஷ்டம் அண்ணே என்று கேட்டுவிட்டேன். சீட்டைச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "பில்லு கொண்டாற பையன் மாசா மாசம் வாசல்ல நின்னு அவ பேரச் சொல்லித்தான் கூப்பிடுறான், தங்கச்சி. அந்தப் பேரச் சத்தமாச் சொல்ல இப்ப வேற யாரு இருக்கா?"

இந்த ஊரில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது இப்போது எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அதற்கு அத்தாட்சி கேட்டால் நானும் உங்களோடு வரிசையில்தான் வந்து நிற்க வேண்டும்.