ஓடையைக் கானாக்கிய தோட்டமும் சூசை ஐயாவும்

பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான கீழ்லயத்திலிருந்து செல்வி போன் எடுத்தாள். "சூசை ஐயா தவறிட்டாருங்க. காலையிலதான்." அடுத்த மூச்சிலேயே, "துரை மலர்வளையம் அனுப்பியிருக்காருங்க" என்றாள். மலர்வளையமாம். உயிரோடிருந்தவரை அவரை உட்காரச் சொல்லாத தோட்ட மேனேஜர்.

குருவிட்டப் பக்கத்துத் தோட்டத்தில் சூசை ஐயா வெளிக்கள உத்தியோகத்தர். நான் அவருக்குக் கீழே. அவருடைய வாய் தோட்டத்துக்கே தெரியும். யாரையும் மதிக்காத வாய். என்னையும் சேர்த்துத்தான்.

தோட்டத்தின் மண், நீர்ப் பாதுகாப்புத் திட்டம் தாளில் ஒழுங்காக இருந்தால் தண்ணீரும் சுத்தம் என்று எடுத்துக்கொள்வது மேலிடத்து வழக்கம். பிறகு எவரும் போத்தலில் தண்ணீர் பிடித்துப் பார்ப்பதில்லை. ஓடை என்றால் கரையிலிருந்து சில அடிக்குக் களைநாசினி அடிக்கக் கூடாது. மழைத்தண்ணீர் வடிய வெட்டிய கானுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே நம் மேதாவிகள், கீழ்லயத்து ஆட்கள் குடிதண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வரும் ஓடையை வரைபடத்தில் கான் என்று குறித்துவிட்டு, கரைவரை மருந்தடித்தார்கள்.

அப்போது ஒருநாள் செல்வி கைக்குழந்தையோடு ஆபீசுக்கு வந்தாள். "பீலித் தண்ணி மருந்து வாடை அடிக்குதுங்க. புள்ளைக்கு ரெண்டு நாளா வாந்தி." பரிசோதனைக்கு வந்திருந்த அதிகாரி கோப்பிலிருந்து தலை தூக்காமல், "பிளேன் எக்க ஹொந்தாய்" என்றார் சிங்களத்தில். திட்டம் நல்லதாம். சூசை ஐயா தமிழிலேயே சொன்னார்: "தாளுல சுத்தமா இருக்கிற தண்ணியத் தாளே குடிக்கட்டுங்க." அதிகாரி புரியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன், புரிந்தும்.

அன்றே வரைபடத்தில் ஓடையை ஓடை என்று திருத்தினார். "நீயும் ஒரு கையெழுத்துப் போடுப்பா. ஒத்த ஆளு போட்டா பைத்தியம்னுவானுங்க." எம்பிலிப்பிட்டியவில் மச்சினி கல்யாணம், உடனே கிளம்ப வேண்டும் என்றேன். எனக்கு மச்சினியே கிடையாது. "போ, நல்லாச் சாப்பிட்டுட்டு வா" என்றார். அவருக்குத் தெரியும், நான் ஒரே மகள் உள்ள வீட்டில் பெண்ணெடுத்தவன் என்று.

தன் கையெழுத்தை மட்டும் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். ஓடைக்கரையில் மருந்தடிப்பு நின்றது. குழந்தையும் தேறியது. அவரை வேறு தோட்டத்துக்குத் தூக்கியடித்தார்கள்.

அடக்கத்தன்று துரை பேசினார். "நம்ம தோட்டத்துத் தண்ணியக் காப்பாத்தின மனுசன்." கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். மறுவாரமே புதிய திட்டம் என் மேசைக்கு வந்தது. ஓடை மறுபடி கானாகியிருந்தது. "சூசை இருந்தா கரைச்சல் பண்ணியிருப்பான். நீ புத்திசாலி" என்று துரை என் தோளில் தட்டினார். அவர் என்னைச் சரியாகத்தான் எடைபோட்டு வைத்திருந்தார். அதுதான் சுட்டது.

நேற்று அந்தத் திட்டத்தில் கான் என்பதை வெட்டிவிட்டு ஓடை என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். சூசை ஐயாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் நிறைய இடம் இருக்கிறது. அடக்கத்தில் அழுதவர்கள் தங்கள் அஞ்சலியை அங்கே செலுத்தலாம்.