குடிக்காமல் ஒப்புக்கொண்ட குடி

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பைச் சுனாமி கொண்டுபோன பிறகு, தம்பையா மனைவி மருதாயியோடு இன்னொரு தீவிலிருக்கும் வண்டூருக்கு வந்து, ஒச்சப்பனின் டைவிங் போட்டை ஓட்டும் வேலையில் சேர்ந்தான். போட் ஓடும்வரை அவனுக்கு ஒன்றுமில்லை. டைவர்களை இறக்கிவிட்டு நங்கூரம் போட்டு நிற்கும்போதுதான் வினை. அலை ஆட்ட, டீசல் புகை மூக்கில் ஏற, குடலே வாய்க்கு வந்துவிடும். இன்ஜினுக்குப் பின்னால் குனிந்து சத்தமில்லாமல் கக்கிவிட்டு, கிராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வான்.

"கீழ பாக்காதீங்க, தூரத்துக் கரையையே பாருங்க. வெறும் வயித்தோட வராதீங்க" என்று டூரிஸ்ட்டுகளுக்குப் புத்தி சொல்பவனும் அவன்தான். போட்காரனுக்கே குமட்டல் என்று தெரிந்தால் படகுத்துறையே சிரிக்காதா?

ஒருமுறை, மனைவி கப்பலில் மெயின்லேண்ட் போகிறாள் என்று பொய் சொல்லி, டாலிகஞ்ச் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினான்.

"தூக்கம் வரும். ராத்திரியே ஒண்ணு போட்டுப் படுக்கச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காற்று வலுத்திருந்தது. போட்டில் ஏறியதும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டான். குமட்டல் நின்றது, கண்ணும் செருகியது.

நீரோட்டம் நான்கு டைவர்களை வெகுதூரம் இழுத்துப்போய் மேலே விட்டது. விசில் ஊதினார்கள், கத்தினார்கள். போட் அசையவில்லை. வழியில் வந்த மீன்பிடி டோங்கிப் படகு ஒன்று அவர்களை ஏற்றிவந்து போட்டில் முட்டியபோதுதான் தம்பையா விழித்தான். நனைந்து நடுங்கிய வங்காளப் பெண் ஒருத்தி, "ஸோ ரஹே தே?" என்றாள். தூங்கிக்கொண்டா இருந்தாய்! விசில் ஊதி ஊதி அவள் உதடு வெடித்திருந்தது.

படகுத்துறையில் ஒச்சப்பன் கேட்டார்: "குடிச்சிருக்கியாடா?"

குடிகாரப் போட்காரனை ஊர் பார்த்திருக்கிறது. கடலில் வாந்தியெடுக்கும் போட்காரனை?

"ஆமாண்ணே" என்றான்.

தண்ணீர்க் குழாயடியில் சேதி கேட்டு வந்தாள் மருதாயி. "சாராய வாடையே ஆகாத மனுசன். ஏங்க ஒத்துக்கிட்டீங்க?"

உள்ளதைச் சொன்னான். "யாருகிட்டயும் சொல்லிறாத புள்ள" என்று கெஞ்சினான்.

அவள் கேட்கவில்லை. விடிந்ததும் ஒச்சப்பனிடம் போய்க் கொட்டிவிட்டாள். அவர் வீட்டுக்கே வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தான் தம்பையா.

"ஒடம்புக்கு ஒத்துக்கலைன்னா சொல்லக் கூடாதாய்யா? நாலு உசுருய்யா."

அந்தத் தணிந்த குரலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

தன் டைவிங் கடையில், டைவர்கள் முதுகில் கட்டும் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் வேலை கொடுத்தார். இன்றும் அதுதான் அவன் பிழைப்பு. மருதாயியோடு முகம்கொடுத்துப் பேசவே பல நாள் ஆயிற்று. ஒச்சப்பன் வந்துபோன அன்று சாயங்காலம், அந்த வங்காளப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, டைவர்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனான். அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள்.